தூக்கம் வரலையா? தூக்கம் தாங்கலையா? மூளைக்குள் ஓர் இழுபறி!

ஒரே வீடு. ஒரே கூரை. ஆனால் தூக்க விஷயத்தில் நாலு பேருக்கும் நாலு கதை!

தாத்தாவுக்கு வயது 72. ராத்திரி 9 மணிக்கே படுத்துவிடுவார். 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். "அப்புறம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்" என்று அலுத்துக்கொள்வார். எப்போதோ டாக்டர் எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, தூக்க மாத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.

அப்பாவுக்கு நேர்மாறு. 12 மணி அடித்தாலும் கண் மூடாது. ஆபீஸிலிருந்து வந்ததும் ஸ்ட்ராங்காக ஒரு காபி. படுக்கையில் கையில் செல்போன்.

அம்மாவுக்கு ஜலதோஷம். ராத்திரி ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகத்தான் தூங்கினாள். மறுநாள் காலை ஸ்கூட்டரில் போகும்போது சிக்னலில் கண் சொருகிவிட்டது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்ததும்தான் திடுக்கிட்டு விழித்தாள்.

பிளஸ் டூ படிக்கும் மகளின் கதைதான் பெரிய கதை. வகுப்பில் தூக்கம், பஸ்ஸில் தூக்கம். சாப்பிடும்போதே கை தட்டில் இருக்க, கண் மூடிக்கொள்ளும். "ராத்திரி முழுக்கத் தூங்கிட்டு இன்னும் என்னடி தூக்கம்? படிக்கணும்னா மட்டும் சோம்பேறித்தனம்!" என்று தினமும் அர்ச்சனை.

இது நாம் கற்பனையாகச் சேர்த்த குடும்பம்தான். ஆனால் இந்த நாலு பேரில் ஒருவராவது உங்கள் வீட்டிலும் இருப்பார். அவரைத் திட்டுவதற்கு முன்பும், அவருக்கு ஒரு மாத்திரை வாங்கிக் கொடுப்பதற்கு முன்பும், மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்த்துவிடுவோம்.

விளக்கை அணைப்பது போலவா?

தூக்கம் என்றால் மூளை வேலையை நிறுத்திவிட்டு ஓய்வெடுப்பது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். கண்ணை மூடினோம், சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. அதனால் மூளை தானாக அடங்கிவிட்டது என்று விஞ்ஞானிகள் பலரும்கூட ஒரு காலத்தில் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை அசைத்தது ஒரு கொடிய நோய். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், ஐரோப்பாவில் விசித்திரமான மூளைக் காய்ச்சல் ஒன்று பரவியது. நோயாளிகளில் பலர் நாள் முழுக்கத் தூங்கினார்கள். எழுப்பினால் எழுந்து ஒரு வாய் சாப்பிடுவார்கள், மறுபடி தூங்கிவிடுவார்கள். வாரக்கணக்கில் இப்படியே! வேறு சிலருக்கோ நேர் எதிராக, எத்தனை களைத்தாலும் தூக்கமே வரவில்லை.

வியன்னா நகரில் இருந்த கான்ஸ்டான்டின் வான் எகனாமோ என்ற டாக்டர் 1917-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். இறந்துபோனவர்களின் மூளையைப் பரிசோதித்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. அளவு ஒரு பாதாம்பருப்பு அளவுதான். அதன் பின்பக்கம் கெட்டுப்போனவர்கள் தூங்கிக்கொண்டே இருந்தவர்கள். முன்பக்கம் கெட்டுப்போனவர்கள் தூக்கம் வராமல் தவித்தவர்கள்!

அப்படியென்றால்? விழித்திருக்க ஓர் இடம், தூங்குவதற்கு ஓர் இடம் என்று மூளைக்குள் தனித்தனியே ஏற்பாடு இருக்கிறது. தூக்கமும் மூளை செய்யும் ஒரு வேலைதான்.

சீசா பலகை

விழிப்புக்கான ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். 1949-ல் மொருஸி, மகூன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மயக்க மருந்து கொடுத்த பூனைகளின் மூளைத் தண்டில் லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். உடனே பூனையின் மூளை அலைகள் விழித்திருக்கும் பூனையின் அலைகளைப் போலவே மாறிவிட்டன. விழிப்பைக் கொடுக்கும் செல்கள் அங்கிருந்துதான் மேல்நோக்கிச் செய்தி அனுப்புகின்றன என்பது தெரிந்தது.

இன்றைக்கு அந்தச் செல்கள் என்னென்ன ரசாயனங்களை அனுப்புகின்றன என்பதும் தெரியும். நார்அட்ரினலின், செரட்டோனின், ஹிஸ்டமின், டோபமின், அசிடைல்கோலின் ஆகியவை முக்கியமானவை. காலையில் நீங்கள் கண் விழித்து, 'இன்னிக்கு என்ன கிழமை?' என்று யோசிக்கிறீர்களே, அப்போது இந்த ரசாயனங்கள் எல்லாம் மூளை முழுக்கப் பரவிக்கொண்டிருக்கின்றன.

சரி, தூக்கம்? ஹைப்போதலாமஸின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம் செல்கள் இருக்கின்றன. 1996-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த கிளிஃபோர்ட் சேப்பரின் குழு, தூங்கும்போது மட்டும் சுறுசுறுப்பாகிற இந்தக் கூட்டத்தை எலிகளில் அடையாளம் காட்டியது. இவை அனுப்புகிற முக்கிய ரசாயனம் காபா. 'வேலையை நிறுத்து' என்பதுதான் காபா சொல்லும் செய்தி. விழிப்பு செல்கள் இருக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் போய் அவற்றின் வாயை அடைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், விழிப்பு செல்களும் சும்மா இருப்பதில்லை. அவை விழித்திருக்கும்போது தூக்க செல்களின் வாயை அடைத்துவிடுகின்றன. பார்க்கில் குழந்தைகள் விளையாடும் சீசா பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் ஏறியாக வேண்டும். நடுவில் அந்தரத்தில் அதிக நேரம் நிற்காது. நாம் பாதி தூக்கம், பாதி விழிப்பு என்று நாள் முழுக்கத் தள்ளாடாமல் இருப்பது இதனால்தான்.

இந்தச் சீசாவை மனதில் வைத்துக்கொண்டு, நம் வீட்டு மனிதர்களிடம் திரும்பி வருவோம்.

அப்பாவின் காபி

சீசா எந்த நேரத்தில் தூக்கத்தின் பக்கம் சாய வேண்டும் என்று தீர்மானிப்பவர்கள் இரண்டு பேர்.

முதல் ஆள் அடினோசின். மூளை செல்கள் வேலை செய்யச் செய்ய, எரிபொருள் செலவாகி, அதன் மிச்சமாக அடினோசின் சேர்கிறது. காலையில் விறகு எரிந்தால் மாலைக்குள் அடுப்பில் சாம்பல் சேர்வது போல! எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ, அவ்வளவு சேரும். சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். தூங்கும்போது மூளை அதை அள்ளிச் சுத்தம் செய்துவிடுகிறது.

அடினோசின் வந்து உட்காருவதற்கு மூளை செல்களில் தனி நாற்காலிகள் உண்டு. காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபின் என்ன செய்கிறது தெரியுமா? அந்த நாற்காலிகளில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது! அடினோசின் குறைவதில்லை, செய்தி மட்டும் போய்ச் சேருவதில்லை. களைப்பு தீர்ந்த மாதிரி தோன்றுவது இதனால்தான். உண்மையில் களைப்பு அப்படியே இருக்கிறது, கணக்கு தள்ளிப் போடப்படுகிறது.

குடித்த காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது கூடும், குறையும். அப்பா மாலை 6.30-க்குக் குடித்த காபியில் பாதி, ராத்திரி 11.30-க்கும் அவர் மூளையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. "நான் காபி குடிச்சாலும் எனக்குத் தூக்கம் வரும்" என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். வரலாம். ஆனால் அவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையும்.

இரண்டாவது ஆள் உடம்புக் கடிகாரம். இதுவும் ஹைப்போதலாமஸில்தான் இருக்கிறது, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவைச் சொல்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவை 'பொழுது சாய்ந்தது' என்று சொன்னதும், கடிகாரத்தின் உத்தரவுப்படி பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்ற ஹார்மோனை விடுகிறது. 'இருட்டிவிட்டது, கடையை எடுத்து வையுங்கள்' என்று உடம்பு முழுக்கத் தண்டோரா போடுவது இந்த மெலட்டோனின்தான்.

அப்பா படுக்கையில் செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார். அந்த வெளிச்சம், அதிலும் நீல நிறம் கலந்த வெளிச்சம், 'இன்னும் பகல்தான்' என்று கடிகாரத்துக்குப் பொய் சொல்கிறது. மெலட்டோனின் தாமதமாகிறது. போதாததற்கு, செல்போனில் வரும் செய்தியும் சண்டையும் வேறு விழிப்பு செல்களை உசுப்பிவிடுகின்றன. பாவம், தூக்கம் எப்படி வரும்?

அம்மாவின் ஜலதோஷ மாத்திரை

ஹிஸ்டமின் என்றாலே மூக்கில் நீர், தும்மல், அரிப்பு என்றுதான் நமக்குத் தெரியும். அதே ஹிஸ்டமின் மூளைக்குள் விழிப்பைத் தரும் ரசாயனம் என்று மேலே பார்த்தோம். ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்ற பழைய மருந்து இருக்கிறது. இது மூக்கில் மட்டும் ஹிஸ்டமினைத் தடுத்தால் பரவாயில்லை. ரத்தத்தோடு மூளைக்குள்ளும் நுழைந்து அங்கேயும் தடுத்துவிடுகிறது. விழிப்புப் பக்கம் பலம் குறைய, சீசா சாய்கிறது.

இந்த மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். ராத்திரி போட்ட மாத்திரையின் மந்தம் மறுநாள் காலையிலும் இருப்பதற்கு இதுவே காரணம். 'நன்றாகத் தூங்கி எழுந்துவிட்டோமே' என்று வண்டியை எடுப்பது ஆபத்து. ஃபெக்ஸோஃபெனடின் போன்ற பிற்காலத்து மருந்துகள் மூளைக்குள் அவ்வளவாக நுழைவதில்லை. எது உங்களுக்கு ஏற்றது என்று டாக்டரிடம் கேளுங்கள். "நான் வண்டி ஓட்டுறேன் டாக்டர்" என்று நீங்களே முந்திச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொன்று. தூக்கம் வருகிறதே என்று குழந்தைகளுக்கு ஜலதோஷ மருந்தை ஊற்றிப் படுக்க வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம்!

தாத்தாவின் மூன்று மணி

வயதாக ஆக, தூக்கத்தை உண்டாக்கும் அந்தச் சின்னக் கூட்டத்து செல்கள் எண்ணிக்கையில் குறைகின்றன. சீசாவில் தூக்கத்தின் பக்கம் எடை குறைந்துவிட்டது. அதனால்தான் பெரியவர்கள் சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய உடம்புக் கடிகாரமும் கொஞ்சம் முந்தி ஓட ஆரம்பிக்கிறது. சாயங்காலமே தூக்கம் சொக்கும். விடியுமுன் முழிப்பு வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தாத்தா 9 மணியிலிருந்து 3 மணி வரை தூங்கினால் 6 மணி நேரம். மதியம் சாப்பாட்டுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். மொத்தம் ஏழரை! தூக்கம் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. மதியத் தூக்கத்தை அரை மணியாகச் சுருக்கி, சாயங்காலம் வெளிச்சத்தில் கொஞ்சம் நடந்து, படுக்கையைப் பத்தரைக்குத் தள்ளிப் போட்டால் மூன்று மணி விழிப்பும் மெல்லத் தள்ளிப் போகும்.

அவர் வைத்திருக்கும் மாத்திரை அல்பிரஸோலம் வகை. காபாவின் குரலை உரக்க ஒலிக்கச் செய்வது இதன் வேலை. தூக்கம் வரும், உண்மை. ஆனால் காபா தூக்க செல்களில் மட்டும் இல்லை. நடக்கும்போது தடுமாறாமல் பார்த்துக்கொள்ளும் இடத்திலும், ஞாபகத்தைப் பதிக்கும் இடத்திலும் இருக்கிறது. நடுராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த பெரியவர் கால் தடுமாறி விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் கதைகளுக்குப் பின்னால் பல சமயம் இப்படி ஒரு மாத்திரை இருக்கும். தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகி, அது இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலையும் வரலாம்.

அதற்காக 'இன்றோடு நிறுத்திவிட்டேன்' என்று ஒரே நாளில் தூக்கிப் போடவும் கூடாது. பல நாள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மகள் சோம்பேறியா?

இப்போது அந்தப் பெண்ணிடம் வருவோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சில நாய்களை வளர்த்தார்கள். பிடித்த சாப்பாட்டைக் கண்டால் மற்ற நாய்கள் வாலாட்டித் துள்ளும். இந்த நாய்களோ சந்தோஷத்தில் கால் துவண்டு அப்படியே சரிந்து விழும்! சில நொடிகளில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடும். பகலில் அடிக்கடி தூங்கிவிழும்.

1998-ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே ஒரே ரசாயனத்தைக் கண்டுபிடித்தன. பசியைத் தூண்டுகிறது என்று தோன்றியதால், ஜப்பானியரான யானகிஸாவாவின் குழு அதற்கு ஓரெக்ஸின் என்று பெயர் வைத்தது. இன்னொரு குழு ஹைப்போக்ரெடின் என்றது. மறு வருடமே, ஸ்டான்ஃபோர்டு நாய்களின் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஓரெக்ஸின் செய்தியை வாங்கும் ஏற்பாடு அவற்றின் மூளையில் பழுதாக இருந்தது.

2000-ல் மனிதர்களிலும் விடை கிடைத்தது. இதே மாதிரி தொல்லையுடன் வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில், ஓரெக்ஸின் தயாரிக்கும் செல்களில் 85-லிருந்து 95 சதவிகிதம் காணாமல் போயிருந்தன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஓரெக்ஸின் செல்களோ மொத்தமே சில பத்தாயிரங்கள்தான். அந்தச் சின்னக் கூட்டம் அழிந்தால் ஒரு மனிதரின் நாளே குலைந்துவிடுகிறது!

ஓரெக்ஸினின் வேலை என்ன? சீசாவின் பக்கத்தில் ஒரு பெரியவர் நின்று, விழிப்புப் பக்கத்தைக் கையால் அழுத்திப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க அவர் கையை எடுக்க மாட்டார். பலகை ஆடாது. அவர் இல்லாவிட்டால்? லேசான காற்றுக்கும் பலகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும். பகலில் நினைத்த நேரத்தில் தூக்கம். ராத்திரியிலும் அடிக்கடி விழிப்பு.

(சாப்பிட்டதும் நமக்கு வரும் சொக்கலிலும் ஓரெக்ஸினுக்குப் பங்கு உண்டு போலிருக்கிறது. சர்க்கரை ஏறும்போது இந்தச் செல்கள் அடங்குவதையும், பசிக்கும்போது சுறுசுறுப்பாவதையும் எலிகளில் பார்த்திருக்கிறார்கள். 'உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்!)

கனவு வரும் தூக்கத்தின்போது, நாம் கனவில் ஓடுவதை நிஜமாக ஓடிவிடாதபடி, மூளை நம் கைகால் தசைகளைத் தளர்த்திப் போட்டுவிடும். ஓரெக்ஸின் குறைந்தவர்களுக்கு அந்தத் தளர்ச்சி விழித்திருக்கும்போதே புகுந்துவிடுகிறது. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கும். தாடை தொங்கும். கையிலிருக்கும் டம்ளர் நழுவும். நினைவு மட்டும் தப்பாது. தூங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் கைகால் அசைக்க முடியாமல், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது போலத் தோன்றும். 'அமுக்குப் பிசாசு' என்கிறோமே, அது இதுதான். எப்போதோ ஒருமுறை நல்ல உடம்புக்காரர்களுக்கும் இது வரும், பயப்பட வேண்டாம்.

இந்த நோய்க்கு நார்கோலெப்ஸி என்று பெயர். மேலை நாட்டுக் கணக்குப்படி 2,000 முதல் 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் ஆரம்பிக்கும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி இந்தச் செல்களை அழித்துவிடுகிறது என்றுதான் ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. அந்தப் பிள்ளையின் தப்பு இதில் ஒன்றுமே இல்லை.

ஆனால் நடப்பது என்ன? 'சோம்பேறி' என்று ஒரு பட்டம். 'காக்காய் வலிப்பு' என்று ஒரு சந்தேகம். 'காத்து கருப்பு' என்று மந்திரிப்பு. சரியான பெயர் தெரிய வருடக்கணக்காகிவிடுகிறது. அதற்குள் படிப்பும் தன்னம்பிக்கையும் போய்விடுகின்றன.

பகலில் தூங்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த நோய் என்று பயந்துவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணம்தான்: ராத்திரித் தூக்கம் போதவில்லை! 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்புக் கடிகாரம் இயல்பாகவே பின்தங்கி ஓடும். சீக்கிரம் தூக்கம் வராது. காலை ஐந்துக்கு டியூஷன் என்றால் கணக்கு எப்படிச் சரியாகும்? ரத்தசோகை, தைராய்டு குறைவு, குறட்டையோடு மூச்சு முட்டுவது இவையும் காரணமாக இருக்கலாம். அதையெல்லாம் பார்த்த பிறகும், நன்றாகத் தூங்கியும் பகலில் தூக்கம் தாங்கவில்லை என்றால், அதிலும் சிரிக்கும்போது உடம்பு துவள்கிறது என்றால், நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

ராத்திரி முழுக்கத் தூக்கத்தை அளந்து, மறுநாள் பகலில் எவ்வளவு சீக்கிரம் தூங்குகிறார் என்று பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. அடியோடு குணமாக்க முடியாவிட்டாலும், மருந்துகளாலும், நேரம் வகுத்துப் பகலில் போடும் குட்டித் தூக்கங்களாலும் நன்றாகக் கட்டுப்படுத்தலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம்.

இந்த ஆராய்ச்சியின் பலன் தூக்கம் வராதவர்களுக்கும் கிடைத்தது. ஓரெக்ஸினைத் தடுத்துத் தூக்கம் வரவழைக்கும் முதல் மாத்திரைக்கு 2014-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. நாய் சரிந்து விழுவதைப் பார்த்து ஆரம்பித்த விஷயம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

வீட்டில் என்ன செய்யலாம்?

* காபி, டீ எல்லாம் மதியம் 2 மணியோடு முடியட்டும்.

* தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். எழுந்ததும் கால் மணி நேரம் காலை வெளிச்சத்தில் நில்லுங்கள். வாசலில் கோலம் போட்டாலும் சரி, மொட்டை மாடியில் துணி உலர்த்தினாலும் சரி.

* படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போனுக்கு ஓய்வு கொடுங்கள். அதை வேறு அறையில் சார்ஜில் போடுவது உத்தமம்.

* படுத்து இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையா? புரளாதீர்கள். எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, சொக்கும்போது திரும்பிப் படுங்கள்.

* மது குடித்தால் தூக்கம் வரும் என்பது அரை உண்மை. முதலில் அமுக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும்.

* வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று மாதமாகத் தூக்கம் சரியில்லை என்றால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். டாக்டரிடம் போங்கள். மனச்சோர்வும்கூடத் தூக்கமின்மையாகத் தலைகாட்டும்.

தூக்கத்தை அதட்டி வரவழைக்கவும் முடியாது, திட்டி விரட்டவும் முடியாது. சீசாவின் எந்தப் பக்கம் எடை கூடியிருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்யத்தான் முடியும். நாளைக் காலை உங்கள் வீட்டுப் பிள்ளை எழுந்திருக்க அடம் பிடித்தால், "சோம்பேறி" என்ற சொல் வாய் வரை வரும். அதை விழுங்கிவிட்டு, "ராத்திரி நல்லாத் தூங்கினியாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள்.